கட்டத்துக்குள் வந்த அப்பாரு

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு லீவு விட்ட மறுநாள். புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுச் சிறுமி வந்து நின்றாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். கையில் ஒரு சார்ட் பேப்பர் சுருள்.

"சார், எனக்கு ரெண்டு ஆர்டர் வந்திருக்குதுங்க!" என்றாள்.

"ஆர்டரா? என்ன கடை வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

சுருளைப் பிரித்துக் காட்டினாள். அவர்கள் வீட்டு நாயைப் பென்சிலில் வரைந்திருந்தாள். காது ஒன்று நிமிர்ந்து, ஒன்று மடங்கி, அப்படியே அந்த நாய்தான்! அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இரண்டு பேர் வந்து கேட்டிருக்கிறார்கள்.

முதல் ஆர்டர், பக்கத்து வீட்டு அத்தையுடையது. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். சின்ன வயதில் அவன் குட்டியாகத் தூக்கி வளர்த்த வெள்ளாடு ஒன்று வீட்டில் இருக்கிறது. பல் விழுந்த கிழட்டு ஆடு. அதை விற்கவே கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அந்த ஆட்டின் படத்தைச் சட்டம் போட்டு அவனுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டுமாம்.

இரண்டாவது ஆர்டர், தெருக்கோடி ஆயாவுடையது. அவர் வீட்டு அப்பாரு இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. (எங்கள் பக்கம் தாத்தாவை அப்பாரு என்போம்.) சுவரில் மாட்ட ஒரு படம்கூட இல்லை. இருப்பது ஒரே ஒரு பழைய வாக்காளர் அடையாள அட்டை. அந்த அட்டையைப் பற்றி உங்களுக்கே தெரியுமே! அதில் இருக்கும் படத்தைப் பார்த்தால் நம் அப்பாவையே நமக்கு அடையாளம் தெரியாது. "பொங்கலுக்குப் புள்ளைங்க எல்லாம் வராங்க கண்ணு. அதுக்குள்ள அவரை வரைஞ்சு குடு" என்று கேட்டிருக்கிறார் ஆயா.

"படம் வரைஞ்சு குடுத்தாக் காசு வாங்கலாமுங்களா சார்? தப்பில்லையே?" என்று கேட்டாள் சிறுமி.

இதில் தப்பு என்ன? இங்கிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் நாமக்கல். அந்த ஊரில் உருவப்படம் வரைந்து சம்பாதித்த ஒருவரின் பெயரை, சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கே வைத்திருக்கிறார்கள். ஆமாம், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளைதான்!

கவிஞர் என்றுதான் நாம் அவரைப் படிக்கிறோம். ஆனால் அவர் தொழில்முறை ஓவியர். 1888-ஆம் ஆண்டு மோகனூரில் பிறந்தார். தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். என்னைப் போல ஆரம்பப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். பிறகு தூரிகையை நம்பியே வாழ்ந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி அரச குடும்பத்தைப் படமாக வரைந்து தங்கப் பதக்கம் வாங்கினார்.

வேடிக்கை என்ன தெரியுமா? 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரக யாத்திரை போனார் அல்லவா? அந்தத் தொண்டர்கள் பாடிக்கொண்டு போன பாட்டை எழுதியவர் இவர்தான். 1932-ல் சிறைக்கும் போனார். யாருடைய அரசாங்கம் அவரைச் சிறையில் போட்டது? அதே ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடைய அரசாங்கம்! மன்னரின் முகத்தை அழகாக வரைந்து கொடுத்த கைதான், அவர் ஆட்சி வேண்டாம் என்றும் எழுதியது.

சிறுமிக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் விட்டது. "எனக்கு யாருமே வரையச் சொல்லித் தரலீங்க சார். எங்க ஸ்கூல்ல டிராயிங் வாத்தியாரே இல்லீங்க" என்றாள்.

நான் என்ன சொல்வேன்? ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கரும்பலகையில் படம் போடக் கற்றுத் தந்தார்கள். நான் வரைந்த பசு மாட்டைப் பார்த்துப் பிள்ளைகள் "நாய்!" என்று கத்திய கதை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே சொல்லித் தரும் வேலையை விட்டுவிட்டு, ரவிவர்மாவின் கதையைச் சொன்னேன்.

ராஜா ரவிவர்மா 1848-ல் கேரளத்தில் கிளிமானூரில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போது வீட்டுச் சுவரெல்லாம் கரித்துண்டால் கிறுக்கி வைப்பாராம். 14 வயதில் அவருடைய மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். உங்களில் ஒன்பதாம் வகுப்புப் படிப்பவரின் வயது! அப்போது எண்ணெய் வண்ண ஓவியம் என்பது நம் நாட்டுக்குப் புதிது. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவுக்கு அது தெரியும். அவர் மதுரைக்காரர். ஆனால் சொல்லித்தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

நாயுடுவிடம் ஆறுமுகம் பிள்ளை என்று ஒரு மாணவர் இருந்தார். அவர் என்ன செய்தார் தெரியுமா? குருவுக்குத் தெரியாமல் இரவு நேரத்தில் ரவிவர்மாவைத் தேடி வந்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டால் அவருக்கு வேலை போயிருக்கும். ரவிவர்மாவின் பெயர் நமக்கெல்லாம் தெரிகிறது. ஆறுமுகம் பிள்ளையின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இவர்மேல்தான் பிரியம் அதிகம்.

1868-ல் தியடோர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியர் மன்னர் ஆயில்யம் திருநாளைப் படம் வரைய வந்தார். அவரும் கற்றுத் தர மறுத்தார். வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். போதாதா? ரவிவர்மா நின்றார், பார்த்தார். எந்த வண்ணத்தோடு எதைக் கலக்கிறார், முகத்தில் நிழல் எங்கே விழுகிறது, எல்லாவற்றையும் கண்ணாலேயே எடுத்துக்கொண்டார். அறைக்குத் திரும்பித் தானே செய்து பார்த்தார்.

1870-ல் அவருக்குக் காசு கொடுத்து முதல் ஆர்டர் தந்தவர் கோழிக்கோட்டு நீதிபதி கிருஷ்ண மேனோன். தன் குடும்பத்தையே வரைந்து தரச் சொன்னார். அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 1875-ல், இங்கிலாந்து இளவரசர் இந்தியா வந்தபோது திருவிதாங்கூர் மன்னர் அவருக்குக் கொடுத்த பரிசுகளில் ரவிவர்மாவின் ஓவியமும் இருந்தது. ஒரு தமிழ்ப் பெண் நரம்பு வாத்தியம் வாசிக்கும் ஓவியம் அது. பிற்பாடு, படம் கேட்டு வரும் கடிதங்கள் குவிந்ததால் கிளிமானூரில் ஒரு தபால் ஆபீஸே திறந்தார்கள் என்று சொல்வார்கள்.

கதை முடிந்ததும் சிறுமி எழுந்தாள். "அப்போ நான் முதல்ல ஆட்டைப் போயி நின்னு பாக்கறேனுங்க" என்று ஓடிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஆட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பத்துப் பதினைந்து தாள்கள். ஒன்றில் மூக்கு மட்டும், ஒன்றில் கொம்பு மட்டும். ஆடு சொன்ன பேச்சுக் கேட்குமா? ஒரு தாளை இழுத்துத் தின்றும் விட்டது!

"கண்ணுதான் சார் வர மாட்டேங்குது. மனுசக் கண்ணு மாதிரி வட்டமா வெச்சா ஆடு முழிக்கிற மாதிரியே இல்லீங்க" என்றாள்.

கிட்டப் போய்ப் பார்க்கச் சொன்னேன். ஆட்டின் கண்மணி வட்டம் இல்லை. உண்டியல் வாய் போலப் படுக்கை வசத்தில் ஒரு கோடு. பூனைக்கு அது நின்ற கோடு. ஆட்டுக்கு இப்படி இருப்பதால்தான் இரண்டு பக்கமும் வெகு தூரம் தெரிகிறது. எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் பார்த்துவிடலாம். இன்னொரு அதிசயம்: ஆடு தலையைக் குனிந்து மேயும்போது கண் உருண்டை சுழன்றுகொடுக்கும். அந்தக் கோடு எப்போதும் தரைக்கு இணையாகவே நிற்கும். நம்ப முடியாவிட்டால் உங்கள் வீட்டு ஆட்டைப் பாருங்கள்.

விலங்குகளை இப்படி உற்றுப் பார்த்து வரைந்தவர்களில் பெரியவர் உஸ்தாத் மன்சூர். முகலாய மன்னர் ஜஹாங்கீரின் அரண்மனை ஓவியர். 1621-ல் நவ்ரோஸ் புத்தாண்டு சமயத்தில் ஜஹாங்கீருக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. அபிசீனியாவிலிருந்து, அதாவது இன்றைய எத்தியோப்பியா பக்கமிருந்து வந்தது. அரண்மனையில் யாரும் அப்படி ஒரு மிருகத்தைப் பார்த்ததில்லை. "யாரோ குதிரைக்குக் கோடு போட்டு ஏமாற்றுகிறார்கள்!" என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். சோதித்துப் பார்த்த பிறகுதான் சாயம் இல்லை, பிறவிக் கோடு என்று தெரிந்தது. மன்னர் மன்சூரைக் கூப்பிட்டு வரையச் சொன்னார். வரிக்குதிரையைப் பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்குப் பரிசாக அனுப்பிவிட்டார். குதிரை போய்விட்டது, படம் இருக்கிறது. ஜஹாங்கீரே தன் கையால் ஓரத்தில் குறிப்பு எழுதிய அந்த ஓவியம் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒவ்வொரு கோடும் எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்றுகூட அதில் தெரியும்.

நம் தஞ்சாவூர் சரபோஜி மன்னரும் பறவைகளையும் மீன்களையும் தன் ஓவியர்களைக் கொண்டு வரைய வைத்தவர்தான்.

சரி, ஆடு ஒரு வாரத்தில் முடிந்தது. இடது காதில் இருக்கும் கறுப்புத் திட்டு, ஒடிந்த கொம்பு நுனி எல்லாம் வந்துவிட்டன. அப்பாருதான் பாக்கி.

இங்கே ஆளும் இல்லை, உற்றுப் பார்க்க முகமும் இல்லை. அட்டையில் இருந்த படத்தை முதலில் ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டோம். 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். அந்த ஜெராக்ஸின்மேல் அரை செ.மீ.க்கு ஒரு கோடு போட்டால் அகலத்தில் 7, உயரத்தில் 9, ஆக 63 கட்டங்கள். சார்ட் பேப்பரில் 4 செ.மீ. கட்டங்களாக அதே 63. அப்படியானால் படம் எட்டு மடங்கு பெரிதாகும்: 28 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். பிறகு முகத்தை மறந்துவிட வேண்டும்! இந்தக் கட்டத்தில் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்து, பெரிய கட்டத்தில் அதையே போட வேண்டும். சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர்களும் இப்படித்தான் செய்வார்கள். கோடுகளை மெல்லிசாகப் போடுங்கள், பிறகு அழிக்க வேண்டும். அசல் படத்தின்மேல் மட்டும் தப்பித் தவறியும் கோடு போடாதீர்கள்.

இன்னொன்று. மனித முகம் வரைகிற பிள்ளைகள் எல்லோரும் கண்ணை நெற்றியில் வைத்துவிடுகிறார்கள். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்து பாருங்கள். கண் சரிபாதியில் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கிற இடம் இருக்கும்.

பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பு படம் முடிந்தது. அட்டைக்கும் படத்துக்கும் ஒரு கோடு வித்தியாசம் இல்லை. நானும் கூடப் போனேன். ஆயா படத்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கண்ணு இருக்குது. ஆனா இது அவரு இல்ல" என்றார்.

சிறுமியின் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "என்னங்க ஆயா இல்ல?" என்று கேட்டாள். ஆயாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. விரலால் படத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். விரல் காதில் போய் நின்றது.

"காதுல ஓட்டை இல்லையே."

அந்தக் காலத்தில் ஆண்களும் காது குத்திக் கடுக்கன் போடுவார்கள். அப்பாருவும் போட்டிருந்தாராம். பெரிய மகனை மேல்படிப்புக்குச் சேர்க்கப் பணம் இல்லாதபோது கழற்றி அடகு வைத்தார். மீட்கவே இல்லை. கடைசிவரை வெறும் ஓட்டைதான். பேசும்போது அந்த ஓட்டையை நிமிண்டிக்கொண்டே பேசுவாராம். அட்டைப் படத்தில் காது இருந்த இடத்தில் இருப்பது வெறும் கறுப்பு. சிறுமி அங்கே தன் காதைப் போல ஒன்றை வரைந்திருந்தாள்.

அன்று மதியம் முழுவதும் அவள் ஆயாவுடன் உட்கார்ந்து கேட்டாள். மறுநாள் ஊருக்குள் கடுக்கன் போட்ட காதைத் தேடிப் புறப்பட்டாள். எத்தனை தேறும் என்கிறீர்கள்? கோயில் திண்ணையில் ஒரே ஒருவர். எண்பது தாண்டியவர். தொங்கிப்போன காது மடல், நீண்டு கிழிந்தது போன்ற ஓட்டை. "என் காதையா படம் புடிக்கறே?" என்று சிரித்துக்கொண்டே அசையாமல் உட்கார்ந்து கொடுத்தார் அந்தப் பெரியவர்.

போகிக்கு முதல் நாள் திரும்பப் போனோம். இந்த முறை ஆயா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் படத்தைத் துடைத்தார். தூசியே இல்லை, இருந்தும் துடைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "டேய், ஆணி ஒண்ணு எடுத்தாடா, அப்பா வந்துட்டாரு" என்று மகனைக் கூப்பிட்டார்.

சிறுமிக்குக் கிடைத்தது ஆயாவிடம் நூறு ரூபாயும் ஒரு படி நிலக்கடலையும். ஆட்டுக்கு அத்தை கொடுத்தது இருநூறு. திருப்பூர் அண்ணன் தன் பங்குக்கு ஒரு வாட்டர் கலர் பெட்டி வாங்கி அனுப்பியிருக்கிறான். நிலக்கடலையில் பாதி என் திண்ணையில்தான் தீர்ந்தது.

இப்போது மூன்றாவது ஆர்டர் நடக்கிறது. மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பூனை. தலையும் உடம்பும் வந்துவிட்டன. வாலை வரையப் போகும்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறதாம்.