குண்டு போகும் வழி

ஜப்பானியச் சூதாட்டப் பெட்டியான பச்சின்கோவின் பழைய இயந்திரம் ஓடவில்லை என்றால் பலரும் முதலில் பார்ப்பது பின்பக்கத்து வயரைத்தான். பல்பு இருக்கிறது, அறுந்த வயர் தொங்குகிறது, கரண்ட் கொடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் 1960களிலும் 70களின் முற்பகுதியிலும் ஜப்பானில் புழங்கிய இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் மின்சாரத்தின் வேலை விளக்கெரிப்பதோடு சரி. ஆட்டத்துக்கான சிறு உலோகக் குண்டை எறிவது ஸ்பிரிங். வெற்றியை அறிந்து பரிசைக் கொடுப்பது குண்டின் எடை. எனவே ரிப்பேர் செய்பவர் டெஸ்டரை எடுக்கும் முன் குண்டு போகும் வழியைப் படிக்க வேண்டும்.

குண்டின் விட்டம் 11 மி.மீ., எடை ஏறத்தாழ 5.5 கிராம். வலப்பக்க நெம்புகோலை அழுத்தி விட்டால் அது பலகையின் உச்சிக்கு ஏறி, பித்தளை ஆணிகளில் மோதி மோதி இறங்கும். பெரும்பாலும் அடிக்குழியில் விழுந்து வீணாகும். பரிசுக் குழியில் விழுந்தால் பலகைக்குப் பின்னால் உருண்டு ஒரு சிறு சாய்தட்டில் வந்து நிற்கும். அந்த எடைக்குத் தட்டு சாயும், பிடி விலகும், அளந்து நிறுத்தியிருந்த 10 அல்லது 15 குண்டுகள் முன்பக்கம் கொட்டும், மணி அடிக்கும். தட்டு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே அடுத்த குண்டுக்கு வழி. இத்தனையும் ஐந்தரை கிராமில் நடப்பதால், இறுகிப்போன கிரீஸும் துருவேறிய குண்டும்கூட அதை நிறுத்திவிடும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக் கோளாறு கூடும். துடைத்து உலர்வாக விடுவதே மேல். பலகை முன்பக்கம் சாய்ந்திருந்தாலும் குண்டு சரியாக உருளாது. பச்சின்கோ ஆடும் கூடத்தில் குண்டு நிரப்பும் ஏற்பாடு இயந்திர வரிசைக்குப் பின்னால் இருந்தது; வீட்டில் அதைக் கையால் நிரப்ப வேண்டும். பரிசு வரவில்லை என்று கழற்றிப் போடும் முன் பின்தொட்டி காலியா என்று பார்ப்பது நல்லது.

ஆணிகளில்தான் தவறு எளிதில் நேர்கிறது. வளைந்த ஆணியைக் கண்டதும் நிமிர்த்தத் தோன்றும். ஆனால் 1940களின் பிற்பகுதியில் நகோயாவின் மசமுரா தகேயிச்சி வகுத்த ஆணி அமைப்புக்குப் பிறகு, ஆணி வரிசைதான் ஆட்டத்தின் உயிர். கூடங்களில் இதற்கென்றே இருந்த கைதேர்ந்தவர்கள், குழியின் வாயிலுள்ள ஆணிகளை இம்மியளவு வளைத்து, எத்தனை குண்டு உள்ளே போகும் என்பதைத் தீர்மானித்தார்கள். எல்லாவற்றையும் நேராக்கினால் அந்தக் கணக்கு அழிந்துபோகும். ஏற்றி இறக்கும்போது அடிபட்டு வளைந்த ஆணியும் இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் குண்டின் வழியையே அடைத்துக்கொண்டு நிற்கும். கூடத்தார் வளைத்த ஆணி வழியைக் குறுக்கும், அடைக்காது. ஒரு குண்டை இடையில் விட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

சூதாட்டப் பெட்டிக்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஜப்பானியச் சட்டம் கூடத்தில் பணமாகப் பரிசு தர விடுவதில்லை. பரிசுப் பொருளை வேறொரு கடையில் காசாக்கும் வழக்கம் அதைச் சுற்றி வளர்ந்தது. இப்படிக் காசு புழங்கிய ஆட்டத்தில், ஆட்டக்காரரின் கை எவ்வளவு தேர்ந்ததாயினும், கூடத்தின் லாபம் எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கான சாட்சி அந்த ஆணிகளே. 1980இல் சங்க்யோ நிறுவனத்தின் ‘ஃபீவர்’ வந்தபின், பெரும்பரிசு யாருக்கு என்பதைச் சுழலும் எண்களும் மின்னணுச் சுற்றும் முடிவு செய்தன. கண்ணால் பார்த்து அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு குறைந்தது. பழைய இயந்திரத்தில் அது இன்னும் உண்டு. ஆகவே குண்டு நின்ற இடத்தை மட்டும் சரிசெய்து, மற்றதைத் தொடாமல் விடுவதே அதற்குரிய ரிப்பேர்.