நர்சிங் பள்ளியின் மருத்துவமனை எங்கே?



இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வந்தவுடன், காஞ்சன்பாக்கிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெண்பிள்ளைகளை நர்சிங் படிக்க வைப்பதைக் குறித்து ஆலோசனை நடக்கிறது. கட்டணம், விடுதி, பேருந்து வசதி எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். அந்தப் பள்ளியின் மாணவிகள் எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள் என்று கேட்பவர்களோ வெகு சிலர்.

நர்சிங் பயிற்சியின் சரித்திரத்தில் ஒரு போதகருக்கும் பங்குண்டு என்பதை நம்மில் அநேகர் அறியோம். 1836-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் தியோடர் ஃபிளீட்னர் என்ற போதகர், ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் வரும் பெபேயாளைப் போன்ற ஊழியக்காரிகளை உருவாக்க விரும்பி, மருத்துவமனையையும் பயிற்சியையும் ஒன்றாகவே தொடங்கினார். 1851-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே சென்று பயின்றார். 1860-இல் அவர் நிதியால் லண்டனில் எழுந்த பள்ளியும் புனித தோமா மருத்துவமனைக்குள்ளேயே அமைந்தது.

நம் வேலூரிலும் அப்படியே. டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் நர்சிங் பள்ளியைத் தொடங்கியபோது, மாணவிகள் கற்பதற்கு மருத்துவமனை முன்னமே இருந்தது. 1946-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. அங்கே கற்பிக்கும் ஆசிரியைகள் வார்டிலும் பொறுப்பேற்கிறார்கள். பாடம் சொல்லும் வாயும் காயம் கட்டும் கையும் ஒருவருடையதாகவே இருப்பதால், மாணவி வகுப்பில் ஒன்றும் வார்டில் வேறொன்றும் கற்றுக் குழம்புவதில்லை.

எல்லாப் பள்ளிகளுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இந்திய நர்சிங் கவுன்சில், பள்ளிக்குக் குறைந்தது 100 படுக்கைகளுள்ள தாய் மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் வேண்டும் என்று நெறி வகுத்தது. தாய் மருத்துவமனையில் இல்லாத பிரிவுகளுக்காகப் பிற மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நம் நகரில் குழந்தைகள் பிரிவுக்கு நிலோஃபர், மனநலப் பிரிவுக்கு எர்ரகட்டா என்று மாணவிகள் போய்வருவது இவ்வகையில்தான். இதில் குறையொன்றும் இல்லை; பெரிய மருத்துவமனையில் காணும் நோய்களின் வகையே பெரும் பாடம்.

குறை வேறிடத்தில் நேரிடுகிறது. பள்ளியின் ஆசிரியை மாணவிகளை வாசலில் விட்டுத் திரும்பிவிட்டால், வார்டு சிஸ்டருக்கு அவர்களைக் கற்பிக்க நேரமில்லை. ஒரே கட்டிலைப் பத்துப் பேர் சூழ்ந்து நிற்பார்கள். அல்லது ஆள் பற்றாக்குறையை நிரப்பும் கூலியற்ற கைகளாவார்கள். இரண்டாலும் ஊசி போடத் தடுமாறும் ஒரு நர்சே உருவாகிறாள். அதன் வேதனை நோயாளிக்கு.

ஆகையால் பணம் கட்டுமுன், அசல் சான்றிதழ்களைக் கொடுக்குமுன், பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கு உண்டா, ஒப்பந்தம் எந்த மருத்துவமனையோடு, வார்டில் உடனிருந்து கற்பிப்பவர் யார் என்று கேளுங்கள். முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம், எத்தனை பிரசவங்களை நேரில் பார்த்தாய் என்று விசாரியுங்கள். அவள் பதில் விளம்பரத்தாளைவிட அதிகம் சொல்லும். பிள்ளை தெலுங்கும் உருதும் பேசப் பழகட்டும். வலியில் இருப்பவர் தம் தாய்மொழியில்தான் முறையிடுவார்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி மாணவிக்கு ஞாயிறு காலையிலும் டியூட்டி விழும். ஆராதனைக்கு வரவில்லையே என்று அவளைக் கடிந்துகொள்ளாமல், அவளுக்கு வசதியான வேளையில் ஜெபிக்க நாம் அவள் விடுதிக்குச் சென்று வரலாம்.