ஓடையைக் கெடுத்தது யார்?

கடந்த புரட்டாசியில் விருத்தாசலத்திலிருந்து ஒரு போன். வாரா வாரம் என்னிடம் கீரையும் கொத்தமல்லியும் வாங்கும் தங்கச்சி அவர். பீங்கான் பட்டறையில் வேலை. “புள்ளைங்க ரெண்டு பேருக்கும் மூணு நாளா வயித்தால போவுது. உங்க கீரையாலன்னு சொல்லல அண்ணே, ஆனா கேக்கணும்னு தோணுச்சு” என்றார்.

நஞ்சில்லா விவசாயம் என்று பத்து வருஷமாகப் பேசுகிறவன் நான். “என் கீரையில் ஒண்ணும் இல்லம்மா” என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் கீரைப் பாத்திக்கு நான் பாய்ச்சுவது மங்களூர்ப் பக்கத்து ஓடைத் தண்ணீர். அறுத்த கீரையை அலசுவதும் அதே ஓடையில்தான்.

எங்கள் ஓடை கடைசியில் வெள்ளாற்றில் போய்ச் சேருகிறது. வெள்ளாற்றுக்குக் கெட்ட பெயர் ஏற்கெனவே உண்டு. வசிட்ட நதியும் சுவேதா நதியும் கலந்துதான் வெள்ளாறு. அந்த வசிட்ட நதியில் மணிவிழுந்தானிலிருந்து தியாகனூர் வரையிலான பகுதியை, நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் முதல் வரிசையில் வைத்தது. அதனால் எது நடந்தாலும் “ஆத்தூர்க் கழிவு” என்று கை காட்டுவது எங்களுக்குப் பழக்கம். ஆனால் என் ஓடை வெள்ளாற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிறதே தவிர, அங்கிருந்து வாங்கவில்லை. ஆத்தூர் மேல் பழி போட வழியில்லை.

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த உறவுக்காரத் தம்பியைக் கேட்டேன். “அண்ணே, ஆளத் தேடாதீங்க, இடத்தத் தேடுங்க” என்றான். எங்கெல்லாம் அழுக்கு சேரலாம் என்று சந்தேகமோ, அங்கெல்லாம் அதற்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டும். மேலே சுத்தம், கீழே அழுக்கு என்றால் இடையில்தான் காரணம். முறை அவ்வளவுதான்.

முதலில் ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் வாங்கினேன். 1982-ல் குவாலியர் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட எளிய முறை இது. தண்ணீரில் மலக் கலப்பு இருந்தால் ஒன்றிரண்டு நாளில் பாட்டில் கருத்துவிடும். மழையில்லாத வாரத்தில் மூன்று இடத்தில் பிடித்தேன். மேலத்தெரு சாக்கடைக்கு மேலே எடுத்தது கருக்கவில்லை. சாக்கடைக்குக் கீழே எடுத்தது கருத்தது. என் மோட்டார் அருகே எடுத்ததும் கருத்தது. “பாத்தியா, தெருக்காரங்கதான்!” என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

தம்பி விடவில்லை. “இந்த பாட்டில் இருக்கு, இல்லைன்னு மட்டும்தான் சொல்லும். எவ்வளவுன்னு சொல்லாது. காய்ஞ்ச நாள்ல கருத்தா, தினமும் ஓடுற சாக்கடையோ செப்டிக் டேங்க்கோ காரணம். மழைக்கு அப்புறம் கூடினா, நிலத்து மேல கிடக்கிறது அடிச்சிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். மழை பெஞ்சதும் எடுங்க” என்றான்.

ஐப்பசியில் நல்ல மழை. சுத்தம் செய்த பாட்டில்களில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்தோம். இந்தத் தடவை எண்ணிக்கையாகவே முடிவு வந்தது. சாக்கடைக்குக் கீழே இ-கோலை கூடியிருந்தது உண்மை. ஆனால் அங்கிருந்து என் மோட்டாருக்கு வருவதற்குள் இன்னும் பல மடங்கு ஏறியிருந்தது. அந்த இடைவெளியில் தெரு இல்லை, வீடு இல்லை. கரையோரம் இருந்தது என் சாணக் குப்பைமேடு மட்டும்தான்.

சாணத்தை நாம் கிருமிநாசினி என்று சொல்லியே வளர்ந்தவர்கள். மண்ணுக்கு அது உயிர்தான். ஆனால் இ-கோலை மனிதக் குடலிலும் இருக்கும், மாட்டுக் குடலிலும் இருக்கும். பெரும்பாலானவை தீங்கில்லாதவை. சில ரகம் ஆளைக் கொல்லும். 2006-ல் அமெரிக்காவில் பசலைக்கீரை சாப்பிட்ட சுமார் 200 பேர் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். தேடிப் போனபோது கலிபோர்னியாவில் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருந்த ஒரு நிலத்தில் போய் நின்றது. அதே கிருமி ரகம் அக்கம்பக்கத்து மாட்டுச் சாணத்திலும், காட்டுப்பன்றிக் கழிவிலும், ஆற்று நீரிலும் கிடைத்தது. ரசாயனம் போடவில்லை என்பதும், கிருமி இல்லை என்பதும் ஒன்றல்ல.

அந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என் கீரையால்தான் வந்தது என்று நிரூபணம் எதுவும் இல்லை. ஆனாலும் தங்கச்சியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு மாதம் கீரை விற்கவில்லை. அதற்குள் செய்தவை இவை:

குப்பைமேட்டை ஓடையிலிருந்து தள்ளி மேட்டு நிலத்துக்கு மாற்றினேன். சுற்றி வரப்பு, மேலே கூரை. நீளக் குவியலாகப் போட்டு மக்க வைக்கும்போது, உள்ளே 55 டிகிரி சூடு 15 நாள் நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை புரட்டிவிட வேண்டும். பச்சைச் சாணம் போட்டால், மண்ணோடு ஒட்டி விளையும் பயிரை அறுக்க 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க அங்கக விதி. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஜீவாமிர்தத்தைக் கீரை இலையில் தெளிப்பதில்லை, வேரில் மட்டும் விடுகிறேன். பாத்திக்கும் அலசுவதற்கும் கிணற்றுத் தண்ணீர், அதையும் சோதித்த பிறகுதான். மாடுகளுக்குத் தொட்டி கட்டிவிட்டேன், ஓடையில் இறங்குவதில்லை.

அடுத்த மழையில் மறுபடியும் அதே இடங்களில் பிடித்தோம். சாக்கடைக்குக் கீழே இருந்த அளவுதான் மோட்டாரிலும் இருந்தது. என் பங்கு கழிந்தது, தெருவின் பங்கு பாக்கி.

ஜனவரி 26 கிராம சபையில் அந்தத் தாள்களை வைத்தேன். “உன் குப்பைமேட்ட மொதல்ல பாருய்யா” என்று ஒருவர் எழுந்தார். “பாத்துட்டேன் அண்ணே, எடுத்துட்டேன். இது அதுக்கு முன்னாடி எடுத்த கணக்கு, இது அதுக்குப் பின்னாடி எடுத்தது” என்று இரண்டையும் நீட்டினேன். அதன் பிறகுதான் சாக்கடைக்கு உறிஞ்சுகுழி போடும் பேச்சே ஆரம்பித்தது.

உழவர்களே, உங்கள் ஓடையிலும் மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் பிடியுங்கள். முதல் இரண்டு பாட்டிலை உங்கள் மாட்டுக்கொட்டகைக்கு மேலேயும் கீழேயும் பிடியுங்கள்.