மலையில் தீ தெரிந்தால் அடிவாரம் எதைக் கவனிக்க வேண்டும்?

மாசி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் ராத்திரியில் கண்ணில் படும் காட்சி இது: சேர்வராயன் மலையிலோ கொல்லிமலையிலோ ஒரு சரிவில் சிவப்புக் கோடு நெளிந்து எரியும். சேலம் மாவட்டத்துச் சங்ககிரிக்காரர்களுக்கு மலை தூரத்தில் இல்லை. கோட்டை மலையை ஒட்டியே வீடுகளும் லாரிப் பட்டறைகளும் இருக்கின்றன. மலையில் புகை கிளம்பினால் முதலில் வரும் கேள்வி, தீ ஊருக்குள் வருமா என்பதுதான். தீ எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைவிட மலைச்சரிவு, காற்று, ஊரோரம் காய்ந்து கிடக்கும் பொருள் ஆகிய மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

எரிவது எது?

பெரும்பாலும் மரம் அல்ல. தரையில் கிடக்கும் சருகும் புல்லும், அதோடு உண்ணிச்செடிப் புதரும். வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த புல், தை முடிவதற்குள் காய்ந்துவிடும். நல்ல மழை பெய்த ஆண்டுக்கு அடுத்த கோடையில் எரிவதற்கு அதிகம் கிடைக்கும். தீ பெரும்பாலும் மனிதர்களால்தான் பிடிக்கிறது: அணைக்காமல் போட்ட பீடி, சமைத்துவிட்டு அப்படியே விட்ட அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த தீ, காட்டோர நிலத்தில் கொளுத்திய கழிவு. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

மேலே ஏறுமா, கீழே இறங்குமா?

தீயின் வெப்பம் தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதால், தீ மேட்டை நோக்கித்தான் பாயும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் வழங்கும் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது, சரிவும் காய்ந்த புல்லும் காற்றும் ஒன்று சேர்ந்திருந்தன. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ, எரியும் சரிவுக்கு மேலே யாரும் போகக்கூடாது.

கீழே இறங்கும் தீ மெதுவாகத்தான் வரும். ஆனாலும் அடிவாரம் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. பகலில் மலையேறும் காற்று, இரவில் குளிர்ந்து கீழ்நோக்கி வீசும். எரியும் கட்டைகள் உருண்டு வரும். காற்றில் பறக்கும் பொறி, சோளத்தட்டுப் போரிலோ பனைமரத்தில் வெட்டாமல் தொங்கும் காவோலையிலோ விழுந்தால் போதும். காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நூறு அடி தூரம் இருந்தாலும் அந்தப் பொறி தாண்டிவிடும்.

செயற்கைக்கோள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் கண்டறியும் தீயைப் பற்றி வனத்துறையினருக்கும் பதிவு செய்துகொண்ட பொதுமக்களுக்கும் குறுஞ்செய்தி அனுப்புகிறது. வரைபடத்தில் தெரியும் ஒரு புள்ளி, 375 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட பரப்பு. சுமார் 35 ஏக்கர். அதற்குள் எங்கோ தீ இருக்கிறது என்றுதான் அர்த்தம், மொத்தமும் எரிகிறது என்றல்ல. செங்கல் சூளையும் ஆலை உலையும்கூட இப்படிப் புள்ளியாகத் தெரியலாம். இந்தப் புள்ளிகளைக் காட்டும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் நம் தலைக்கு மேலே வருவது பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, இரண்டும் ஒன்றரை மணி வாக்கில். மாலை நாலு மணிக்குப் பிடித்த தீயை அடிவாரத்து ஆடு மேய்ப்பவர்தான் முதலில் பார்ப்பார்.

எப்படி அணைக்கிறார்கள்?

தீயணைப்பு வண்டி எரியும் சரிவில் ஏறாது. அங்கே பெரும்பாலும் தண்ணீரும் கிடையாது. வன ஊழியர்களும் தீத்தடுப்புக் காவலர்களும் பச்சைத் தழையை ஒடித்து, தீயின் ஓரத்தை அடித்து அடித்தே அணைக்கிறார்கள். புல்லையும் சருகையும் மண் தெரியும்வரை செதுக்கி, கோடு போட்டதுபோல் இடைவெளி விடுவதுதான் தீத்தடுப்புக் கோடு. கோடைக்கு முன்பே இதைப் போட்டு வைப்பார்கள். சில நேரம் எதிர்த்தீ வைத்து, வரும் தீக்கு எரிபொருள் இல்லாமல் செய்வார்கள். அது பயிற்சி உள்ளவர்கள் மட்டுமே செய்யவேண்டிய வேலை.

ஊரார் செய்யவேண்டியது

101 அல்லது 112-க்கு அழைக்கும்போது ‘மலையில் தீ’ என்று மட்டும் சொன்னால் போதாது. மலையின் எந்தப் பக்கம், அருகில் எந்தக் கோயில், எந்த ஊர் என்று சொல்லவேண்டும். கட்டுத்தறியில் இருக்கும் மாடுகளை முன்கூட்டியே அவிழ்த்து, காட்டிலிருந்து தள்ளி ஓட்டிக்கொண்டு போகலாம். மலைப்பாதையில் வண்டிகளை நிறுத்தி வழியை அடைக்கக்கூடாது.

ஆனால் பலன் தரும் வேலை தையிலேயே முடிந்திருக்கவேண்டும். காட்டுக்குள் கோடு போடுவது வனத்துறையின் பொறுப்பு. காட்டைத் தாண்டி ஊரோரம் குவியும் குப்பையும் முட்செடியும் உள்ளாட்சியின் பொறுப்பு. மலைப்பக்கம் அடுக்கிய தட்டுப்போரும் வெட்டாத காவோலையும் நிலத்துக்காரரின் பொறுப்பு. இந்த மூவரில் ஒருவர் விட்டுவிட்டாலும் மற்ற இருவரின் உழைப்பு வீணாகிவிடும். கோடைக்கு முன் நடக்கும் கிராமசபைக் கூட்டத்தில், குடிநீருக்கு அடுத்தபடியாகப் பேசவேண்டிய விஷயம் இது.