ஜோ ஹாலின் பூட்ஸ்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றின் கட்டிங் பிரிவில் சற்று நின்று பாருங்கள். டையை வைத்து வெட்டுவதற்கு முன், கட்டர் தோலை இரண்டு கைகளாலும் பிடித்து நீளவாட்டில் ஒருமுறை, குறுக்குவாட்டில் ஒருமுறை இழுப்பார். முதுகுப் பக்கம் விறைப்பாக நிற்கும்; வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று நீளும். ஷூவின் முன்பக்கம் முதுகிலிருந்து. வெளியே தெரியாத துண்டுகள் வயிற்றிலிருந்து. தோலுக்குள் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை அவர் அந்த இழுப்பிலேயே படித்துவிடுகிறார்.

நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், கனடாவின் பிராண்டன் என்ற ஊரில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரின் பிழைப்பும் இந்த நாரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் பெயர் ஜோ ஹால். இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே கனடா வந்தவர். ஐஸ் ஹாக்கிக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. கூப்பிட்ட ஊருக்குப் போய் ஆடுவதுதான் தொழில்: வின்னிபெக், பிராண்டன், அமெரிக்காவில் தாமிரச் சுரங்கங்களுக்கு நடுவே இருந்த ஹௌட்டன், மான்ட்ரியல், கியூபெக். அணியும் சட்டையும் மாறிக்கொண்டே இருக்கும். கால் மட்டும் அதே கால். அதைத் தாங்கும் பூட்ஸோ ஒரு சீசன்கூட உழைக்கவில்லை.

ஏன்? ஸ்கேட்டின் இரும்புத் தகடு சுமார் 3 மில்லிமீட்டர் அகலம்தான். முழு உடம்பும் அதன் விளிம்பில் சாய்ந்து திரும்பும்போது, கணுக்கால் மடங்காமல் பிடித்து நிறுத்துவது பூட்ஸின் வேலை. ஆனால் உள்ளே வியர்வை, வெளியே பனி நீர். தோல் என்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் முறுக்கிய முப்புரிக் கயிறு. பச்சைத் தோலை 60, 65 டிகிரிக்குச் சூடான நீரில் போட்டால் அந்த முறுக்கு அவிழ்ந்து சுருங்கிவிடும். பதனிடும்போது ஆவாரம்பட்டையோ குரோம் உப்போ கயிறுகளுக்கு நடுவே முடிச்சுப் போடுகிறது. நன்றாகக் குரோம் ஏற்றிய தோல் கொதிநீரையும் தாங்கும். ஆனாலும் ஈரம் ஊறினால் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத்தான் செய்யும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, பூட்ஸ் தொளதொளத்துப் போகும்.

ஹாலின் குறையைக் கேட்டவர் பக்கத்து வீட்டுக்காரர் ஜார்ஜ் டாக்கபெரி. செருப்புத் தைப்பவர். அவர் எடுத்தது கங்காரு தோல். மாட்டுத் தோலில் நார்க் கற்றைகள் மேலும் கீழுமாகச் சரிந்து பின்னிக் கிடக்கும். மெலிதாகச் சீவினால் பின்னல் அறுந்து பலம் போய்விடும். கங்காரு தோலில் நார்கள் பெரும்பாலும் மேற்பரப்புக்கு இணையாக, பாய் விரித்தாற்போல் படுத்திருக்கின்றன. மெலிதாகச் சீவினாலும் பெருமளவு பலம் மிஞ்சும். மெலிதாகவும் இருக்கும், எளிதில் இழுபடாது. கூடவே குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் வெட்டு, உள்ளங்கால் வளைவுக்கு ஒரு தாங்கல், முன்நுனிக்குக் கெட்டி. அந்த பூட்ஸ் நின்றது. மற்ற ஆட்டக்காரர்களும் டாக்கபெரியைத் தேடி வந்தார்கள்.

ஹால் 1912-லும் 1913-லும் கியூபெக் அணியோடு ஸ்டான்லி கோப்பை வென்றார். பிறகு மான்ட்ரியல் கனேடியன்ஸ். 1919-இல் சியாட்டிலில் அதே கோப்பைக்கான இறுதிப் போட்டித் தொடர்: இரு அணிக்கும் இரண்டிரண்டு வெற்றி, ஒன்று சமன். கடைசி ஆட்டத்துக்கு முன் ஸ்பானிஷ் ஃப்ளூ ஹாலின் அணியைப் படுக்க வைத்தது. தொடர் கைவிடப்பட்டது, ஏப்ரல் 5 அன்று ஹால் அங்கேயே இறந்தார்.

செருப்புத் தைத்தவரின் பெயர் ‘டாக்ஸ்’ என்று சுருங்கி, சிசிஎம் நிறுவனத்தின் ஸ்கேட்டுகளில் நீடித்தது. இன்றைய ஸ்கேட்டில் தோல் அனேகமாக இல்லை. நார் கலந்த பிளாஸ்டிக் கூட்டை அடுப்பில் சூடாக்கினால், தோல் பல வாரங்கள் காலைக் கடித்துக் கற்றுக்கொண்ட வடிவத்தை அது சில நிமிடங்களில் பெற்றுவிடுகிறது. ஆனால் கார்பன் நார்த் தாளை அடுக்கும் பொறியாளரும் முதலில் பார்ப்பது நாரின் திசையைத்தான். கணுக்கால் பக்கம் ஒரு வாட்டம், பாதம் மடங்கும் இடத்தில் வேறு வாட்டம். ஆம்பூர் கட்டர் கையால் இழுத்துப் பார்ப்பதை அவர் கணினியில் பார்க்கிறார்.