கணனியில் கீறும் பலகை: வாங்க முன்

படம் கீறும் பிள்ளை கம்பியில்லாச் சித்திரப் பலகை கேட்டால் பெற்றோர் என்ன செய்வது?

இப்பலகையில் திரை இல்லை. பேனையால் அதன்மேல் கீற, கோடு கணனித் திரையில் விழும், அழுத்தினால் தடிக்கும். 1983இல் யப்பானில் தொடங்கிய வக்கொம் நிறுவனத்தின் பேனைக்குப் பற்றரி வேண்டாம். பலகையின் மின்காந்தப் புலமே அதற்குச் சக்தி. ஆனால் கம்பியில்லாப் பலகைக்குப் பற்றரி உண்டு, சார்ஜ் ஏற்றவேண்டும். அயல்வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கும் கொட்டிலில் இது சிறிய விடயமல்ல. கம்பியுள்ளது மலிவு, கணனியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். எமக்கு அது போதும் என்பேன். கிறிற்றா என்னும் வரைதல் மென்பொருள் இலவசம். கணனி இல்லாதோர் கைத்தொலைபேசியுடன் பொருந்தும் பலகையைக் கடையிலேயே பொருத்திப் பார்த்துக் காசு கொடுங்கள்.

கை ஓரிடம், கண் ஓரிடம். முதற் சில கிழமைகள் கோடு கோணும். ஏசாதீர்கள்.

விட்டுவந்த வளவைப் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை கீறட்டும். "கிணறு இன்னும் கிழக்கே" என்று அப்பு திருத்தினால் கிணற்றை மட்டும் நகர்த்தலாம், தாள் வீணாகாது. வேலி, பூவரசு, வாய்க்கால், வயல் வரம்பு எல்லாம் இப்படியே சேரும். இது காணி உறுதிக்கு ஈடாகாது. உறுதியைத் தனியே பத்திரப்படுத்துங்கள். முடிந்த படத்தில் ஒரு பிரதியை அச்சடித்து அப்புவின் கையில் கொடுங்கள். பிழைகளை அவர்தான் கண்டுபிடிப்பார்.