குதிக்குமுன் தசையை நீட்டலாமா?

ஒரு தசையை அசையாமல் 60 விநாடிக்கு மேல் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே குதித்தால், உயரம் சில விழுக்காடு குறைகிறது. நாண் சற்றே தளர்ந்த வில்லைப் போலத் தசைநாணின் விசை குன்றுகிறது. நரம்புத் தூண்டலும் சிறிது நேரம் மங்குகிறது. இது அற்பமன்று: 2021இல் டோக்கியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். தங்கத்தின் உயரம் 1.88. ஆகவே களமிறங்குமுன் மெல்லோட்டம், காலை வீசுதல், சிறு துள்ளல்கள் ஆகியவையே ஏற்றவை. 30 விநாடிக்குட்பட்ட நீட்டலால் இழப்பு மிகச் சொற்பம்.

எமது கவலை வேறு. ‘நீட்டினால் வலு குறையும்’ என்று அரைகுறையாகக் கேள்வியுற்று, பக்கவாதமோ தண்டுவடக் காயமோ உற்றவருக்கு அன்றாடம் செய்துவந்த நீட்டல் பயிற்சியைச் சில குடும்பத்தினர் நிறுத்திவிடுகின்றனர். அங்கு நாம் நாடுவது குதிக்கும் உயரத்தை அன்று, மூட்டு இறுகாமையை. பாகாயத்தில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று இல்லம் திரும்பியோர், எம்மைக் கலந்துகொள்ளாமல் அப்பயிற்சியைக் கைவிட வேண்டாம். உணர்ச்சியற்ற காலை வலிந்து இழுக்கவும் வேண்டாம். காயம்பட்டாலும் அவருக்கு வலி தெரியாது. மூட்டில் வீக்கமோ வெப்பமோ தோன்றினால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே எம்மிடம் அழைத்து வாருங்கள்.